கைப்பணித் தட்டு

“நீங்கள் செய்த இந்த வேலைக்கு என்ன பேர் வைக்கலாம், நாகேந்திரம் அண்ணை?”

வெள்ளவத்தை நூலகமொன்றின் புதிய பொறுப்பாளரான மேனுகா, ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து மேசையில் வைத்தார். திகதிச் சீட்டு முழுவதும் ஊதா முத்திரைகள். பதினைந்து நாளுக்கு ஒன்று. இரவல் பெற்றவரின் இலக்கம் மட்டும் மாறவேயில்லை. அது நூலக உதவியாளர் நாகேந்திரத்தின் இலக்கம்.

“கம்பளிப் பின்னல், கடதாசிப் பூ, தையல். நாற்பத்திரண்டு புத்தகமும் ஐம்பது வருஷப் பழசு. இரண்டு வருஷம் ஒருத்தரும் எடுக்காட்டிக் கழிக்கவேணும். அதைத் தடுக்கத்தானே நீங்களே எடுக்கிறமாதிரி முத்திரை குத்தினியள்?”

“ஓம், மிஸ்.”

மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்த மேனுகாவுக்கு அந்த ‘ஓம்’ கோபத்தைக் கூட்டியது.

“ஒருநாளாவது இதுகளை வீட்டை கொண்டுபோனியளோ?”

“இல்லை, மிஸ். குத்திப்போட்டு அதே தட்டில வைப்பன்.”

“நான் நினைச்சன், வீட்டில இருந்து ஸ்வெட்டர் பின்னுறியளாக்கும் எண்டு. மூண்டு மணிக்குப் பழைய பேப்பர் லொறி வரும். எல்லாத்தையும் பெட்டியில போடுங்கோ.”

அப்போது எழுதுவினைஞர் நிம்றா உள்ளே வந்தாள்.

“மிஸ், போன வெள்ளி விழாவுக்குப் போட்ட பிளவுஸ் யார் தெச்சது? எங்கட உம்மாவும் கேக்கச் சொன்னா.”

மேனுகாவின் முகம் மலர்ந்தது.

“அதையேன் கேக்கிறீர்! வழமையாத் தைக்கிறவர் முதல்நாள் கையை விரிச்சிட்டார். எங்கட ஒழுங்கையில ஜவாஹிறா ராத்தா எண்டு ஒருத்தர். ஒரே நாளில தைச்சுத் தந்தா. பிளவுஸின்ர அந்த உப்பின கையை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தினம். என்ர மானத்தைக் காப்பாத்தினவ. என்ன கைம்மாறு செய்யிறதெண்டு கேட்டால் சிரிக்கிறா.”

நிம்றா போனதும் நாகேந்திரம் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“ஒண்டு சொல்லலாமோ, மிஸ்? வியாழக்கிழமையில ஒரு அம்மா வாறவ. அவவிட்ட நூலக அட்டை இல்லை. அட்டைக்குச் சொந்த வீட்டு வரி கட்டுற ஒருத்தர் பிணை நிக்கவேணுமே. வாடகைக்கு இருக்கிறவைக்கு ஆர் நிப்பினம்? நானும் வாடகைதான். அவ இங்கேயே இருந்து பார்த்து எழுதிக்கொண்டு போவா. அந்தத் தட்டுத்தான் தனக்குச் சோறு போடுதாம்.”

“இப்ப எல்லாம் போனில வருதே, அண்ணை!”

“நானும் சொன்னனான். அந்த வீடியோவில தைக்கிறவையின்ர கை மட்டும் ஓடித் திரியுதாம், அளவு சொல்லுறேல்லையாம். இதில அங்குலக் கணக்கு இருக்காம்.”

“ஒரு ஆளுக்காக ஒரு தட்டை வைச்சிருக்கேலாது.”

மேனுகா தாமே ஒரு தையற் புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குள் எறியப் போனார். அதற்குள்ளிருந்து ஒரு கடதாசித் துண்டு விழுந்தது.

“புத்தகத்துக்குள்ள குப்பை வேற!”

குனிந்து எடுத்தார். வாசித்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்து, மடங்கியிருந்த ஒரு பக்கத்தின் மூலையை நீவி நிமிர்த்தினார்.

“லொறியை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ, அண்ணை. அங்கத்துவப் படிவம் ஒண்டும் எடுங்கோ. நாளைக்கு எங்கட வீட்டு வரிப் பத்திரத்தைக் கொண்டுவாறன். பிணை நான் நிக்கிறன்.”

நாகேந்திரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். பென்சிலில் எழுதியிருந்தது:

‘பக்கம் 62, உப்பின கை. மேனுகா மிஸ், கை நீளம் ஒன்பதரை அங்குலம். நாளைக்குக் காலையில கட்டாயம் குடுக்கணும், பாவம்.’