கொடிமரத்துக்கு முன்பே

தரையோடு தரையாகப் படுத்தால்தான் அந்த வாசலின் முழு உயரமும் படத்துக்குள் வரும்.

அவன் குப்புறப் படுத்தான். கேமரா இரண்டு கைகளுக்குள் அடங்கி முகத்துக்கு முன்னால் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயில். இராசராசன் வாசல்.

காலை வெயிலில் கல் தேன் நிறமாகியிருந்தது. இருபுறமும் ஒற்றைக் கல்லில் எழுந்த காவலர்கள், விரல் உயர்த்தி அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் வருஷமாக அதட்டியும் கூட்டம் அவர்களைக் கடந்து உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது.

புத்தக அட்டைக்கு ஆளே இல்லாத வாசல் வேண்டும் என்று பதிப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் அட்டை. இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

கல்யாணக் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வெள்ளைக்காரர்கள்.

பிறகு, யாரும் இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். படிகள். நிலை. நிலைக்குள் ஒரு துண்டு வானம்.

இத்தனை அழகா!

விரல் பொத்தானைத் தொட்டது.

"இப்படியே நின்னா நடை சாத்திருவாங்க. நீ தாண்டி வா," என்றது பின்னால் ஓர் ஆண்குரல்.

"சும்மா இருங்க. கும்புடுறவரைத் தாண்டுவாங்களா யாராச்சும்? கொடிமரம் வரைக்கும்கூட அவருக்குப் பொறுக்கல, பாருங்க. இங்கயே விழுந்துட்டாரு. என்ன கஷ்டமோ."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கூட்டம் ஓயவில்லை. அவனுக்காக நின்றிருக்கிறது.

கண்ணைச் சாய்த்துப் பார்த்தான். பக்கத்தில் வரிசையாக வெறுங்கால்கள். மெட்டி போட்டவை, பித்தவெடிப்பு கண்டவை, கொலுசணிந்த குட்டிக் கால்கள். ஒன்றும் அசையவில்லை.

அழுத்தினால் சத்தம் வரும். அத்தனை பேருக்கும் கேட்கும்.

ஒரே ஒரு அழுத்தல்தான்.

விரலை எடுத்தான்.

நெற்றியைக் கல்லில் வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

கேமராவைப் பைக்குள் தள்ளிவிட்டு எழுந்தபோது வாசல் மறுபடி நிறைந்திருந்தது. அவனுக்காகப் பரிந்து பேசிய அந்த அம்மாள் கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தாள். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பேரும் நட்சத்திரமும் சொல்லு தம்பி. எங்களோட சேத்து அர்ச்சனை பண்ணிடுறேன்."

தன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"குணசீலன். உத்திராடம்."

மறந்துவிடக் கூடாதே என்று, அவனுடைய அண்ணனின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

அண்ணனோடு பேச்சு நின்றுபோய், அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன.