சங்குச் சக்கரத்தில் முறுக்கு

"ஏம்மா ரீனா, இது அடுப்படியா, வெடிக்கடையா?"

மாடிப்படி ஏறிவந்த மூச்சு அடங்குமுன்பே வீட்டுக்காரம்மா ஆவுடைத்தாய் கேட்டுவிட்டார்.

ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் எதையும் ஒட்டக் கூடாது, அலமாரிக்குப் பெயின்ட் கூடாது என்று குடிவந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். சுவரைத் தொடாமல் ஓர் அடுப்படியை அழகாக்க ரீனாவுக்கு டப்பாக்கள் மட்டுமே மிச்சமிருந்தன. திருத்தங்கலில் ஆப்செட் மிஷின் ஓட்டும் அவள் கணவன் சாம்சுந்தர், கலர் விலகிப்போன வெடி லேபிள் தாள்களைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தான். ஒன்றோடொன்று சேராத இருபத்திரண்டு டப்பாக்கள் ஒரே நாளில் ஒரே குடும்பமாயின.

மிளகாய்த்தூள் அணுகுண்டுக்குள் போனது. கடுகு, குருவி வெடியில். சீரகம், கம்பி மத்தாப்பில். முறுக்குக்குச் சங்குச் சக்கரத்தைத் தவிர வேறு இடம் பொருந்தாது என்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை.

"மேல இருக்கிறது ஒண்ணு, உள்ளாற இருக்கிறது ஒண்ணு. இது குடும்பம் நடத்துற வீட்டுக்கு அழகா?"

"எது எதுல இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா."

"உனக்குத் தெரியும். பாக்கிறவுகளுக்கு? நாளைக்கு யாராச்சும் தப்பா நினைச்சு வீடேறி வந்தா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்புட்டையும் கிழிச்சிரு. முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கோங்க."

ரீனாவுக்கு இது இந்த ஆண்டில் மூன்றாவது வீடு. அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். இதை விட்டால் மறுபடியும் சாத்தூர். மறுபடியும் ஐந்தரை மணி பஸ்.

கிழித்துவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். கிழிப்பதற்கு முன், ஒரு ஞாபகத்துக்காக, அடுப்படியை வீடியோ எடுத்துப் போட்டாள்.

எண்ணாயிரம் பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் காவல் நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை காலை வாசலில் ஜீப் நின்றது.

"வீட்டுல கருந்திரி பதுக்கியிருக்கீகன்னு புகார்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் காளீஸ்வரன். வெடிக்கு வைக்கும் கருந்திரியை வீட்டில் சுற்றுவதும் வைப்பதும் குற்றம் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், அது பூராம் பலசரக்கு சார்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

அணுகுண்டைத் திறந்து, நிதானமாக முகர்ந்தார்.

அடுத்த இரண்டு நிமிடம் அவரால் எதுவும் பேச முடியவில்லை. ஒன்பதாவது தும்மலில் அவர் கை பட்டுச் சரவெடி டப்பா கவிழ்ந்தது. அதிலிருந்த சீனி முழுவதும் தரையில் கொட்டியது.

"சார், வெடிச்சிருச்சு" என்றார் பெண் காவலர் நாகஜோதி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் சங்குச் சக்கரத்தைச் சோதித்து முடித்திருந்தார். வாயில் ஆதாரம் இருந்தது.

அதற்குள் ஆவுடைத்தாய் மேலே வந்துவிட்டார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்! மானம் போச்சு! இன்னைக்கே காலி பண்ணுங்கன்னு நீங்களே சொல்லிருங்க."

"பருப்பு வச்சிருந்ததுக்கா காலி பண்ணச் சொல்றது? விடுங்கம்மா" என்றார் காளீஸ்வரன், கண்ணைத் துடைத்தபடி.

"அடுப்படின்னா எப்படி இருக்கணும் தெரியுமா சார்? எங்க அடுப்படியில ஒவ்வொரு டப்பாவுலயும் பேர் எழுதி வரிசையா வச்சிருக்கேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துரலாம்!"

ரீனா அழுகையை மறைக்க அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினாள். வந்தவர்களுக்கு ஒரு டீயாவது கொடுக்க வேண்டும்.

நாகஜோதி தரையில் கிடந்த சீனியைப் பார்த்தார்; கொதிக்கும் பாலைப் பார்த்தார்; சத்தமில்லாமல் படியிறங்கினார்.

ஆவுடைத்தாய் இன்னும் முடிக்கவில்லை. "பேரு ஒண்ணு, பொருள் ஒண்ணுன்னு வச்சிருக்கிறவுகளை எப்படி சார் நம்புறது? நீங்களே... எங்க, உங்க கூட வந்த பிள்ளையக் காணோம்?"

"சீனி எடுத்தாரக் கீழ போயிருக்காக அக்கா, உங்க வீட்டுக்கு" என்றாள் ரீனா. "நீங்கதான எல்லாத்துலயும் பேர் எழுதியிருக்குன்னு சொன்னீக."

ஆவுடைத்தாய் படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சீனியா? சீனி வேண்டாம்! சாருக்குச் சுகர்!"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லியேம்மா."

"இல்லன்னா வந்துரும் சார்! ஏலே, யாராச்சும் அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்கலே!" என்று படியை நோக்கி ஓடினார்.

ஓடியவர் மேல்படியிலேயே நின்றுவிட்டார். நாகஜோதி ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் டப்பா இல்லை. மூடி மட்டும் இருந்தது. அதில் குண்டு குண்டான, அழகான எழுத்தில் 'சீனி'.

"அக்கா, முதல்ல அந்த அடுப்பை அணைங்க" என்றார் ரீனாவிடம். பிறகு மெல்லக் காளீஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"சார், கீழ சீனி, உளுந்து, கடலைப்பருப்புன்னு மூணு பெரிய டப்பா இருக்கு. மூணுலயும் கருந்திரிதான்."