குண்டுக்கு ஒரு மெழுகுவத்தி

குண்டு குறி தப்பாமல் விழ வேண்டுமென்று ஆரோக்கியசெல்வி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். மாதாவிடம் இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாம் தம்பி டெர்வினின் வேலைக்காகத்தான். டிபன் பாக்ஸ் அளவுள்ள கம்ப்யூட்டர் ஒன்றைப் போர் விமானத்தில் பொருத்தியிருந்தான். வேகம், உயரம், காற்று மூன்றையும் கணக்குப் போட்டு, குண்டை எந்த நொடியில் விடுவதென்று அது சொல்லும்.

ஆளில்லாத பாறைத் தீவொன்றில் சுண்ணாம்பால் போட்ட வெள்ளை வட்டம்தான் குறி. இத்தனை வருடப் பயிற்சியில் தீவு முழுக்கக் குழி விழுந்திருந்தது, அந்த வட்டத்தைத் தவிர. குறி எது என்பது மட்டும் ரகசியம், அதைப் பற்றி டெர்வின் வீட்டில் மூச்சு விட்டதில்லை.

இன்றும் தப்பினால் அவன் ஒப்பந்தம் முடிந்தது. சுனாமி படகைக் கொண்டுபோன பிறகு, அவர்கள் குடியிருந்த தகரக் கொட்டகையில் அவன் சம்பளத்தில்தான் பாதி அடுப்பு எரிந்தது. மீதிப் பாதிக்காக அவள் கணவன் பிரகாசம் இரவல் டோங்கிப் படகை எடுத்துக்கொண்டு விடியலிலேயே கடலுக்குப் போயிருந்தான். வலை கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் டெர்வின் லட்டு டப்பாவோடு ஓடி வந்தான்.

"யக்கா! பக்கா ஹிட்டு! மொதக் குண்டே குறியில. பெரிய ஆபீசரு, படா சாப்பே கையக் குடுத்தாரு. வேல பெர்மனெண்டாம்!"

"மாதாவே!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இருல, அவுகளும் வரட்டும். பாயசம் வைக்கேன்."

"அத்தான் எங்க? வலை இங்கன தொங்குது?"

ஆரோக்கியசெல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலைதான் நிரந்தரமாகிவிட்டதே, இனி மறைத்து என்ன?

"வையாதல. ஒன் வேலைக்குக் கேடு வந்துரும்னுதான் சொல்லல. குண்டு போடுற பாறைக்கு இரும்பு பொறுக்கப் போயிருக்காக. விழுந்த சூட்டோட எடுத்தாத்தான் உண்டு, இல்லன்னா அடுத்த டோங்கிக்காரன் அள்ளிருவான்."

டெர்வினின் கையிலிருந்த டப்பா சாய்ந்து, லட்டுகள் மண்ணில் உருண்டன.

"அடச்சீ, எதுக்குல இப்படி வெளிறிப்போற? அவுக வெவரமான ஆளு. பிளேன் சத்தம் கேட்டா நேரா அந்த வெள்ளை வட்டத்துக்குள்ள போயி உக்காந்துக்கிடுவாக."