பழனி அக்காவின் யோசனை

கிளாரா அறைக்கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை காய்ந்து தெரு முழுக்க அனல் அடித்தது. வாரத்தில் அவளுக்கென்று இருக்கும் ஒரே ஒரு மணி நேரம் இதுதான்.

ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ரோஷன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு மனச்சிதைவு என்று டாக்டர் சொல்லிப் பல வருடம் ஆகிறது. கத்துவான், அழுவான், சாமான்களை உருட்டுவான். அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. இந்த மாதம் அவன் சத்தமே போடவில்லை. பழகாதது அதுதான்.

போன தடவை வீட்டை விட்டுப் போனபோதும் இப்படித்தான் அமைதியாக இருந்தான். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போனில் அவள் திறந்த அரட்டைக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அவளைப் போன்றவர்கள்தான். அண்ணனுக்கோ தங்கைக்கோ இந்த நோய் வந்த வீட்டுப் பிள்ளைகள். ஆஸ்பத்திரிச் சுவரில் 'கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்தவர்கள். யாரும் வாயால் பேசுவதில்லை. எழுதுவது மட்டும்தான்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, சொந்த ஊரையும் சொல்லக் கூடாது. விஷயம் வெளியே கசிந்தால் அந்த வீட்டு வாசலில் ஒரு வரனும் ஏறாது. அதனால் ஆளுக்கொரு ஊரைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். திண்டுக்கல் கிளாரா அங்கே 'பழனி'.

'கொடைரோடு' ஆரம்பித்தார். "எங்க அண்ணன் இன்னைக்கு என்னையப் போலீஸுன்னு நெனச்சு சல்யூட் அடிச்சாரு. பொறந்ததுல இருந்து அவரு எனக்குக் குடுத்த மரியாதை இம்புட்டுத்தான்."

கிளாரா வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போது புதிதாக ஒருவர் உள்ளே வந்தார். பெயர் 'நத்தம்'.

"எங்க அக்காவுக்கு முடியல. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

ஆளாளுக்கு வரவேற்றார்கள். பழனி அக்கா இருக்கிறார், பயப்படாமல் சொல்லுங்கள் என்றார்கள். நத்தம் ஒவ்வொரு வரியாக அனுப்பினார்.

"ராத்திரி தூங்குறதே இல்ல. எந்திரிச்சு வந்து என் கட்டில்கிட்ட நிக்கிது."

"நான் சாப்பிடுறப்ப எதுக்க உக்காந்து என் வாயவே பாக்குது."

"நான் என்னமோ பண்ணப் போறேன்னு மாமாகிட்டப் போன்ல சொல்லுது. நான் ஒண்ணுமே பண்ணல."

ரோஷனும் ஆரம்பத்தில் இப்படித்தான். முதலில் தூக்கம் போனது. பிறகு உற்று உற்றுப் பார்த்தான். பிறகு எல்லோர் மேலும் சந்தேகம்.

"டாக்டர்கிட்டக் கூட்டிப் போனீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டா எனக்குத்தான் நோயின்னு சொல்லுது, பழனி அக்கா."

"எங்க வீட்டுலயும் அதே வசனம்தான்" என்று எழுதினார் 'சின்னாளபட்டி'. "அம்புட்டுப் பேரும் ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சிருப்பாங்க போல."

கிளாரா இந்த முறை சிரிக்கவில்லை. ரோஷனுக்கு நோய் வந்தபோது அவளுக்குச் சொல்லித்தர ஒரு ஆள் இல்லை. இந்தப் பையனுக்காவது அவள் இருக்கிறாள்.

"இப்ப அக்கா எங்க?"

"ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிச்சு. தன்னால சிரிக்குது. பயமா இருக்கு."

அவள் விரல்கள் பறந்தன.

"நா சொல்றதக் கேளுங்க தம்பி. போயி வாதாடாதீங்க. சத்தமில்லாம வெளித்தாழ்ப்பாளைப் போட்டுருங்க. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது. பெறகு பெரியவங்க யாரையாவது கூப்பிடுங்க. செத்த நேரத்துல தட்டுவாங்க, வைவாங்க, அழுவாங்க. மனசு எளகித் தெறந்துறாதீங்க."

கொடைரோடு கைதட்டும் படம் ஒன்றைப் போட்டார்.

"சரிக்கா" என்றார் நத்தம்.

ஹாலில் டி.வி. நின்றது.

வெறுங்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி வரும் ஓசை. அது அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"ஏலே ரோஷன், என்னப்பு? டீ போடவா?"

வெளியே இரும்பில் இரும்பு உரசியது. மெதுவாக, உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்ற கவனத்தோடு.

கிளாரா எழுந்து கதவை இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கையால் தட்டினாள். பிறகு இரண்டு கைகளாலும் அடித்தாள்.

கட்டிலில் கிடந்த போன் ஒளிர்ந்தது.

"போட்டுட்டேன். அக்கா தட்டுது. பாவமா இருக்கு. தெறக்கட்டுமா?"

அவள் பாய்ந்து போனை எடுப்பதற்குள் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"தெறக்காதீங்க தம்பி."

"பழனி அக்கா என்ன சொன்னாங்க? கெஞ்சுனாலும் தெறக்காதீங்க."

"நாங்க எல்லாரும் ஒங்க கூட இருக்கோம்."

எழுத்துக்கள் மாறி மாறி விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி எழுதி அனுப்பினாள்.

"ரோஷன், நாந்தான்டா அக்கா. கதவத் தெற அப்பு."

கதவுக்கு வெளியே மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு நத்தம் எழுதினார்.

"என் பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதில் எழுதத் தொடங்கும்போதே, நத்தம் குழுவை விட்டு வெளியேறிவிட்டதாகத் திரை சொன்னது.

தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாத்தும் சத்தம் கேட்கவில்லை.