பதினேழாம் நம்பர் இன்ஜினியர்

“அவனைத் தூக்கிரணும். இன்னைக்கே தூக்கிரணும்!” மேசையில் அறைந்தார் சிவசாமி. ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் பிளாண்டும் மீன் வியாபாரமும் வைத்திருப்பவர்.

“யாரை சார்?” ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் வைஷ்ணவி பதறிப்போய்க் கேட்டாள்.

“பெங்களூர்ல இருக்கான்ல, பதினேழாம் நம்பரு. அவனைத்தான். கம்பெனிக்கு மெயில் அடி.”

இந்தத் துறைமுக ஆபீஸ், கீரமங்கலம், அறந்தாங்கி, புதுக்கோட்டைக் கிளைகளின் மெயிலையும் நெட்வொர்க்கையும் போன வருடம் ஒரு பெங்களூர்க் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார். சாப்ட்வேர் இலவசம், பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் பணம் என்றதும் மயங்கிவிட்டார். அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது. மெயிலின் அடியில் ‘சப்போர்ட் இன்ஜினியர் 17’ என்று மட்டும் இருக்கும்.

படகுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து நெட் படுத்துக்கொள்ளும். அன்றும் அப்படித்தான். கொச்சி வியாபாரிக்கு விலை போய்ச் சேரவில்லை. ஒரு லாரி இறாலை அவர் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்.

“நம்ம புகாருக்குப் பதினேழாம் நம்பர் பதில் போட்டிருக்காரு சார். ஐஸ் கிரஷர் ஓடுறப்பெல்லாம் கரண்ட் அமுங்கி ரூட்டர் அணைஞ்சுபோகுதாம். சுவத்துக்கு அங்கிட்டு இருக்குற கிரஷருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்றாரு. இதோட மூணு தடவை எழுதிட்டாரு.”

“தனி லைனுக்கு ஈபி ஆபீஸ் வாசல்ல அவன் வந்து நிப்பானாமா? ஓசிச் சாப்ட்வேரைத் தொடைக்கிற பய எனக்குக் கரண்டு வேலை சொல்லித் தாரான். ஒரு நாளாவது ஐஸ் பார் தூக்கியிருப்பானா?”

சிவசாமி ஒரு காலத்தில் ஐஸ் பார் சுமந்தவர். இப்போது சுமப்பவர்களை ஏசுவதோடு சரி.

“என்ன சார் எழுதணும்?”

“தண்டச்சோறுன்னு எழுது. அதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?”

“அன்ஃபிட்னு போடட்டுமா சார்?”

“ஒறைக்கலையே. மூளையில்லாதவன்னும் சேத்துக்க. அவன் சீட்டைக் கிழிச்சாத்தான் அடுத்த மாசம் பணம்னு போடு.”

“வேலை போயிரும் சார், பாவம்.”

“போகட்டும்மா! இவனைப் படிக்க வச்ச காசுக்கு இவன் அப்பன் ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம். என் மவனும் பெங்களூர்லதான் இருக்கான். அமெரிக்கா பேங்குக்குப் புரோகிராம் எழுதுறான். இந்த மாதிரி ஆளுகளை அவன் ஆபீஸ் வாசல்லயே ஏத்த மாட்டாக.”

மகன் கவியரசனின் பெருமையைக் கேட்காத காது துறைமுகத்தில் இல்லை. எந்தக் கம்பெனி என்று கேட்டால் மட்டும், “வெள்ளைக்காரப் பேரு, வாயில நுழையாதுன்னுட்டான்” என்பார்.

மறுநாளே பதில் வந்தது. வருந்துகிறோம், அந்த நபர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட சிவசாமி, ஆபீஸில் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கி வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. படகுகள் வந்துவிட்டன, கிரஷர் அலறிக்கொண்டிருந்தது. பெரிய பையும் சுருட்டிக் கட்டிய மெத்தையுமாக ஆபீஸுக்குள் வந்து நின்றான் கவியரசன். வருவதாக வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

“வாடா மவனே! லீவா? நல்ல நேரத்துல வந்த. உங்க பெங்களூர்ல ஒருத்தன் சீட்டை இங்கன இருந்தே கிழிச்சுட்டேன்டா!”

கவியரசன் சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த ரூட்டரின் பச்சை விளக்கு அணைந்தது, மினுக்கியது, மறுபடியும் அணைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் பையைக் கீழே வைத்தான்.

“தனி லைன் இழுங்கன்னு மூணு தடவை எழுதுனேனேப்பா.”