ஆற்றுக்குப் போன கோல்போஸ்ட்

மெயின் ரோட்டில் ஒரு மஞ்சள் கோல்போஸ்ட் நடந்து வந்துகொண்டிருந்தது. அடியில் ஐம்பது அறுபது மாணவர்கள். முன்வரிசையில், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், எங்கள் கால்டர் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் டீம்.

தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்த கல்லூரித் தலைவர் எல்வுட் ஹாஸ்கின்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மார்லீன்! ஓடி வா! போஸ்ட்டைப் பிடுங்கிட்டானுங்க!"

கான்சஸில் மாணவர்கள் மைதானத்துக்குள் புகுந்து, கோல்போஸ்ட்டைப் பிடுங்கி, தோளில் சுமந்துபோய் ஆற்றில் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பரம எதிரியை ஜெயித்தாயிற்று! கால்டரில் கடைசியாக இது நடந்தபோது ஹாஸ்கின்ஸ் தலையில் முடி இருந்தது.

இன்றைய ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. இந்த சீசனில் அதுவரை நடந்த ஒன்பது ஆட்டங்களையும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதிலும் பையன்கள் மண்ணைக் கவ்வினார்கள். தலைவர் பார்ப்பதால்தான் டீம் தோற்கிறது என்று ஊரில் யாரோ கிளப்பிவிட, மனிதர் அதை அப்படியே நம்பிவிட்டார். இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர்!

எனவே இன்று, பரம எதிரியான ப்ரென்ட்வில் கல்லூரியோடு ஆட்டம் என்றதும், டிவி வயரைப் பிடுங்கிவிட்டு, போனை ஃப்ரீஸரில் போட்டுவிட்டு, மத்தியானத்திலிருந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்.

அடுப்பில் சில்லிக் குழம்பு கிளறிய கரண்டியோடு மனைவி மார்லீன் மாடிக்கு வந்தாள். "நான்தான் சொன்னேன்ல? நீ பாக்காம இருந்தாலே போதும், அவனுங்க ஜெயிச்சுடுவானுங்கன்னு."

"தப்பிச்சேன் மார்லீன்! 'இதுலயும் தோத்தா திங்கக்கிழமை கோச்சை வீட்டுக்கு அனுப்பு, இல்லேன்னா நீ வீட்டுக்குப் போ'ன்னு அறங்காவலருங்க நேத்து முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க."

"அந்த வெர்னனையா? போன வாரம்கூட அந்தாளைத் தண்டச்சோறுன்னு திட்டிக்கிட்டு இருந்தியே!"

"அது போன வாரம். இன்னைக்கு அவன் என் கூடப்பிறந்த தம்பி."

வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடினார். நவம்பர் குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை. போஸ்ட் அவர் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. அதைத் தொட்டுத் தடவி ஒரு முத்தமும் கொடுத்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் காதைக் கிழிக்கும் பேண்டு வாத்தியக் கோஷ்டி, குழல்களை உறைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, பேசாமல் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கூட்டத்தின் வாலில் கோச் வெர்னன் ஸ்டப்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டேய்! கீழ போடுங்கடா! சொன்னா கேளுங்கடா!"

அபராதத்துக்குப் பயப்படுகிறார், பாவம் என்று நினைத்தார் ஹாஸ்கின்ஸ். போஸ்ட்டைப் பிடுங்கினால் கல்லூரிக்கு அபராதம் வரும்தான். வரட்டுமே, யார் கவலைப்பட்டார்கள்? ஓடிப்போய் கோச்சைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கியே விட்டார்.

"வெர்னன்! உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனேய்யா!"

"சார், ஒரு நிமிஷம்... அது வந்து..."

"நீ ஒண்ணும் பேசாதே! அடக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏறி, கோச்சையும் கைபிடித்து ஏற்றினார். உள்ளூர் டிவிக்காரர் கேமராவோடு முட்டி மோதி முன்னால் வந்தார். இந்தக் காட்சியை அறங்காவலர்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற நினைப்பே ஹாஸ்கின்ஸுக்குத் தேனாக இனித்தது.

"கால்டர் மக்களே! இந்த மனுஷனை அனுப்பிடணும்னு சொன்னவங்க நல்லா கேட்டுக்கோங்க. கோச் ஸ்டப்ஸோட ஒப்பந்தத்தை இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கிறேன். இப்பவே, இங்கயே!"

மறுபடியும் ஏதோ சொல்லத் திறந்த கோச்சின் வாய், 'அஞ்சு வருஷம்' என்றதும் மெல்ல மூடிக்கொண்டது. ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஆட்டத் திட்ட அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி, பேனாவின் மூடியைத் தாமே கழற்றி நீட்டினார்.

"இதுலயே எழுதிக் குடுத்துடுங்க சார். மனசு மாறுறதுக்குள்ள."

"என் மனசாவது, மாறுறதாவது!" ஹாஸ்கின்ஸ் எழுதினார், கையெழுத்துப் போட்டார், கேமராவுக்கு முன் உயர்த்தியும் காட்டினார். கோச் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வண்டியின் மறுபக்கமாக இறங்கி நடையைக் கட்டினார்.

தெருவில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. ஹாஸ்கின்ஸுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடா இது, ஜெயிச்ச மூஞ்சியாடா இதெல்லாம்? ஒரு பாட்டு இல்ல, ஒரு கூச்சல் இல்ல! கேப்டன், நீ சொல்லு. எத்தனை பாயிண்ட்ல ஜெயிச்சீங்க?"

கேப்டன் டேவன் போஸ்ட்டை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஜெயிச்சோமா? போஸ்ட் இல்லேன்னா ஆட்டம் நடக்காதுல்ல, அடுத்த சனிக்கிழமையும் தோக்க வேணாம்னுதான் சார் இதை ஆத்துல போடப் போறோம்... இன்னும் அஞ்சு வருஷம்னா ஸ்டேடியத்தையேல்ல தூக்கிட்டு வரணும்!"