காதுக்கு இதமாக

சிலி நாட்டுத் துறைமுக நகரத்துக்கு ஜெபராணியும் கணவன் ஸ்டான்லியும் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பயணிகள் கலங்கிவிடக் கூடாதென்று விமான நிலையத்தில் ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்திருந்தார்கள். எந்த மொழியையும் அது தமிழாக்கிவிடும்; எந்தப் பேச்சும் சத்தமும் அதன் வழியே இதமாகத்தான் கேட்கும்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரி கதவை இடித்து, "மேட்டுப் பக்கம் ஒரு நடை போவோமா?" என்றாள். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

ஜெபராணிக்குத் திக்கென்றது. தன் காதிலிருந்த கருவியைப் பிடுங்கினாள். அதுவரை பாட்டாகக் கேட்டது அபாயச் சங்கு. சன்னலுக்கு வெளியே கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது.

மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்த ஸ்டான்லியைப் போனில் பிடித்தாள்.

"கடல் வருது, ஓடி வாங்க! காதுல உள்ளதைக் கழட்டி எறியுங்க!" என்று அலறினாள்.

"நானும் உன்னையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன், ராணி" என்று அவன் கொஞ்சினான்.